ப்ளூபெர்ரியைக் கழுவி வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ப்ளூபெர்ரியை வீட்டில் பதப்படுத்துவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இணையப் பதிப்பில் படித்தேன். வாங்கி வந்தவுடன் உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, கழுவி, டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் கெடாது என்று அதில் இருக்கிறது. அப்படி வைத்த பழம் ஒரு வாரம் தாங்கினாலே பெரிய விஷயம். கூடவே போட்டிருந்த படத்தில் இருப்பது நாவல்பழம். அது போகட்டும், பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். கழுவச் சொன்னதைத்தான் விட மனம் வரவில்லை. நம் ஊரில் இந்தப் பழம் விற்கிற விலைக்கு, யாராவது அதை நம்பி நாலு டப்பா வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, பூஞ்சை பிடித்ததும் குப்பையில் கொட்டப் போகிறார்கள்.

இவளுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். திருமங்கலத்தில் வற்றல், வடகம், ஊறுகாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது மகன் குடும்பத்தோடு நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் ஹாமன்டன் என்று ஓர் ஊர் வருகிறது. ‘உலகத்தின் ப்ளூபெர்ரித் தலைநகர்’ என்று அந்த ஊர் தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறது. சுற்றிலும் பைன் காடு, கால் புதைகிற வெள்ளை மணல், புளித்த மண். பல பயிர்கள் ஏறாத அந்த மண்ணில்தான் இந்தச் செடி செழிக்கிறது. ஜூன் நடுவில் பறிப்பு தொடங்கும். ஜூலை முடிகிற வரை, சில ரகம் ஆகஸ்ட் வரைக்கும் போகும். நாமே போய்ப் பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்து வரலாம். ஒவ்வொரு கோடையிலும் வீட்டில் வாளி வாளியாக இந்தப் பழம் வந்து இறங்கும்போது அதை என்ன செய்வது என்பது என் பொறுப்பு.

பறிக்கிற விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் ஏன் கழுவக் கூடாது என்பது விளங்கும். வாளியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிவிடுவார்கள். இரண்டு கையும் சும்மா இருக்கும். செடி நம் தலை உயரம். கொத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையைக் கீழே ஏந்தி, கட்டை விரலால் பழத்தை மெல்ல உருட்டினால் போதும். பழுத்தது தானாகக் கழன்று கையில் விழும், பழுக்காதது காம்பிலேயே நிற்கும். விழுந்த பழத்தைத் திருப்பிக் காம்பு இருந்த இடத்தைப் பாருங்கள். அங்கே செம்மை படிந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் செடியில் இருந்திருக்க வேண்டிய பழம். மாம்பழத்தைப் போல வைக்கோலில் போட்டுப் பழுக்கவைக்கிற கதை இதில் நடக்காது. பறித்த பிறகு நிறம் மாறும், மெத்தென்று ஆகும். இனிப்பு மட்டும் ஏறாது. புளித்த பழத்தை மேஜையில் வைத்துக் காத்திருக்கும் தோழிகள் எனக்கு இங்கேயே இருக்கிறார்கள், சொன்னாலும் கேட்பதில்லை.

நன்றாகப் பழுத்ததன் மேல் வெண்மையாக ஒரு படலம் இருக்கும். திராட்சையிலும் பார்த்திருப்பீர்கள். மருந்து அடித்தது என்று நினைத்துப் பலர் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பழம் தானே சுரந்து பூசிக்கொண்ட மெழுகு. உள்ளே இருக்கும் நீர் வெளியே போகாமலும், வெளி ஈரம் தோலில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். கழுவித் தேய்த்தால் அது போய்விடும். போதாததற்குக் காம்பு கழன்ற குழியிலும், எதிர்ப்பக்கம் பூ இருந்த கிரீடத்திலும் தண்ணீர் நின்றுவிடும். எவ்வளவு துடைத்தாலும் அந்தப் பள்ளம் காயாது. பூஞ்சை முதலில் கிளம்புவது அங்கேதான். பண்ணையில் எடை போடும் அம்மாள் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே வசனத்தைச் சொல்லி அனுப்புவார். முதல் தடவை என் மருமகள் அதை எனக்குச் சொன்னாள்: “அத்தை, வீட்டுக்குப் போனதும் கழுவிடாதீங்கன்னு சொல்றாங்க. சாப்பிடுறப்ப, வேணுங்கிறத மட்டும் கழுவிக்கணுமாம்.” எனக்கு அதை விளக்கத் தேவைப்படவில்லை. ஈரத்தோடு போராடியே பிழைப்பு நடத்தியவளுக்கு அது உடனே புரிந்தது.

ஆகவே பச்சைப் பழத்தை வைக்கிற முறை இவ்வளவுதான். வாங்கியதும் ஒரு தட்டில் கொட்டி, நசுங்கியதையும் தோல் சுருங்கியதையும் பூஞ்சை தொட்டதையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒரு பழத்தில் பிடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் போகும். மீதியைக் காற்றுத் துளை உள்ள டப்பாவில், அடியில் ஒரு காகிதத் துண்டு விரித்து, ஆழமாக அடைக்காமல் போட்டு ஃபிரிட்ஜின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். செடியிலிருந்து நேரே வந்த பழம் பத்து நாள் வரை நன்றாக இருக்கும். கதவுப் பக்கம் வேண்டாம், அங்கே திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறி இறங்கும். வினிகர் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் நீடிக்கும் என்று ஒரு பழக்கம் இங்கே பரவியிருக்கிறது. பிறகு முழுக்க உலர்த்தினால் தவறில்லை. முழுக்க உலர்த்துகிற பொறுமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உப்புத் தண்ணீர் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்ன ஈ, 2008-இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டு, அப்புறம் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. இதன் இனத்தைச் சேர்ந்த மற்றச் சின்ன ஈக்கள் பெரும்பாலும் அழுகிய பழத்தில்தான் முட்டை வைக்கும். இதன் பெண் ஈக்கு ரம்பம் போன்ற முனை இருப்பதால் நல்ல பழத்தின் தோலையே கீறி உள்ளே முட்டை இட்டுவிடும். உப்புத் தண்ணீரில் போட்டால் புழு வெளியே வரும் என்று இணையத்தில் வீடியோக்கள் சுற்றின. அதிலிருந்து பிறந்த பழக்கம் இது. புழு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது சரி. சேமிப்பதற்கு முன் செய்கிற வேலை அல்ல. சந்தேகம் இருந்தால் சாப்பிடப் போகிற கையளவை மட்டும் உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிச் சாப்பிடுங்கள்.

இனி ஃப்ரீசர். என்னைக் கேட்டால் இந்தப் பழத்துக்கு மற்ற எல்லா முறையும் இதற்கு அடுத்ததுதான். நம் பெண்களுக்கு ஃப்ரீசர் என்றால் ஒரு அவநம்பிக்கை உண்டு, எனக்கும் இருந்தது. கத்தரிக்காயை உறையவைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சமையலுக்கு இது அப்படி வீணாகாது. சுத்தமாக, உலர்ந்திருக்கிற பழத்தை, கழுவாமல், விளிம்புள்ள தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கழுவி உறையவைத்தால் தோல் தடித்துப்போகும், அதனால்தான் இங்கேயும் வேண்டாம் என்கிறேன். சில மணி நேரத்தில் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி இறுகிவிடும். அசைத்தால் தட்டில் கலகலவென்று உருளும். அதுதான் பதம். உடனே ஜிப் கவரில் கொட்டி, உள்ளே இருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, மூடி, மேலே தேதி எழுதி உள்ளே தள்ளிவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பத்து மாதம், ஒரு வருஷம் வரை ருசி குறையாது. பரப்பாமல் மொத்தமாகக் கவரில் கொட்டி வைத்தால் ஒரே கட்டியாகி, எடுக்கும்போது சுத்தியல் தேட வேண்டியிருக்கும்.

தனித்தனியாக உருள்கிற பழத்தால் இன்னொரு பயனும் உண்டு, குறிப்பாக நம் ஊர்க்காரர்களுக்கு. கரண்ட் நீண்ட நேரம் போய்த் திரும்பி வந்திருந்தால், பழம் இளகி மறுபடி உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். கவரைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படி ஆனதை இனிமேல் வைத்திருக்காமல் அன்றைக்கே காய்ச்சிவிடுங்கள்.

எடுத்துப் பயன்படுத்தும்போது, உறைந்த நிலையிலேயே குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போதும். இளகிய பழம் பச்சைப் பழம் போலக் கடிக்க நன்றாக இருக்காது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி சதையைக் குத்திக் கிழித்துவிடுவதால் தொளதொளவென்று ஆகி, சாறு ஒழுகும். சாப்பிடத்தான் அது குறை. ஜாமுக்கும் தொக்குக்கும் அதுவே வசதி, பாதி வேகவைத்த வேலை முடிந்துவிடுகிறது. நிறமும் தோலில்தான் இருக்கிறது. பண்ணைப் பழத்தை நறுக்கிப் பார்த்தால் உள்ளே வெளிர்ப் பச்சையாகத்தான் இருக்கும். உறைந்து இளகிய பிறகுதான் அந்தத் தோல் நிறம் முழுக்கச் சாற்றில் இறங்கும்.

எந்தப் பழத்தை எதற்கு என்பதிலும் கவனம் வேண்டும். காட்டில் கிடந்த செடியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது இதே நியூ ஜெர்சியில்தான். ஒயிட்ஸ்போக் என்ற இடத்தில் எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி, அப்பாவின் கிரான்பெர்ரிப் பண்ணையில் வேலை பார்த்தவர். 1911-இல் அரசு தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் ப்ளூபெர்ரி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வாருங்கள், எங்கள் நிலத்தில் சோதனை செய்யலாம் என்று அவருக்கு எழுதினார். காட்டைத் தெரிந்த உள்ளூர் ஆட்களிடம் 16 மில்லிமீட்டர் அளவுக்குத் துளையிட்ட ஒரு தகடைக் கொடுத்து, இந்தத் துளையில் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கிற செடியைக் காட்டினால் பணம் தருகிறேன் என்றார். செடிக்குக் கண்டுபிடித்தவர் பெயரையே வைத்தார். அப்படித் தேடி, ஒன்றோடொன்று சேர்த்து வளர்த்த செடிகளின் பழம் 1916-இல் முதல்முதலாக விற்பனைக்குப் போனது. இன்றைக்கு உலகத்தில் விற்கிற பெரிய ப்ளூபெர்ரியின் வம்சம் அங்கே தொடங்குகிறது. அந்தப் பழைய ஊரை இன்னும் பராமரித்து வைத்திருக்கிறார்கள், போனால் பார்க்கலாம்.

அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் பெரிய பழம் வாயில் போட நன்றாக இருக்கிறது. சமையலுக்கு என்று வந்தால் சின்னதுக்குத்தான் என் ஓட்டு. வடக்கே மெய்ன் மாநிலத்தில் முழங்கால் உயரம்கூட வராத காட்டுச் செடியிலிருந்து மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பழம் எடுக்கிறார்கள். எடைக்கு எடை தோல் அதிகம் என்பதால் நிறமும் மணமும் தூக்கலாக இருக்கும். கிட்டத்தட்ட முழு விளைச்சலும் உறையவைத்துத்தான் விற்பனைக்கு வருகிறது. பண்ணை ரகங்களில் முதலில் வருகிற ட்யூக் கெட்டியானது, ஃபிரிட்ஜில் நன்றாகத் தாங்கும். கடைசியில் வருகிற எலியட் புளிப்பு. அதை நான் தொக்குக்கும் ஜாமுக்கும் என்று ஒதுக்கிவிடுவேன்.

இப்போது வெயிலில் காயவைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இது என் தொழில். மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டால் கிஸ்மிஸ் போல ஆகிவிடும் என்கிறது கட்டுரை. ஆகாது. மேலே மெழுகு இருக்கிறதே, அது நீரை வெளியே விடாது. வெளியே வெந்து உள்ளே புளித்துப் போகும். சுண்டைக்காயை நாம் முழுசாகவா மோரில் போடுகிறோம்? ஒவ்வொன்றையும் தட்டி, வாயைத் திறந்துவிட்டுத்தான் ஊறப்போட்டுக் காயவைக்கிறோம். இதற்கும் அதே நியாயம்தான், தட்டினால் நசுங்கிவிடும் என்பதால் வேறு வழி. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் பழத்தைக் கம்பிக் கரண்டியில் வைத்து அரை நிமிடம் முக்கி, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் போடுங்கள். தோலில் மயிரிழை போல வெடிப்பு விழும். அப்புறம் துணியில் ஒற்றி எடுத்துக் காயவைக்கலாம்.

எதில் காயவைப்பது? இங்கே ஜூலை மாதக் காற்று சென்னைக் காற்று மாதிரியே ஈரம், வெயிலை நம்ப முடியாது. டீஹைட்ரேட்டர் என்ற உலர்த்தும் பெட்டியில் 57 முதல் 60 டிகிரிக்குள் வைத்தால் பாதி நாளுக்கு மேல், சில சமயம் ஒரு முழு நாள்கூடப் பிடிக்கும். சூட்டைக் கூட்டி வேகமாக முடிக்கப் பார்த்தால் மேல்தோல் இறுகி, ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். காய்ந்ததும் உடனே அடைத்து வைக்காதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்குக்குக் குறைவாகப் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். பாட்டில் உள்புறம் வியர்த்தால் இன்னும் காய வேண்டும். நம் வடகத்துக்கும் இதைச் செய்தால் நல்லதுதான், யாரும் செய்வதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பழத்தில் நூற்றுக்கு 84 பங்கு தண்ணீர். ஒரு கிலோ காயவைத்தால் கையில் மிஞ்சுவது 200 கிராமுக்கும் குறைவு. 125 கிராம் டப்பாவாக வாங்குகிற சென்னைக்காரர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். பழம் குவிந்து கிடக்கிற இடத்து வேலை இது. 1615-இல் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் கனடாவில் ஹூரான் ஏரிப் பக்கம் பயணம் போனபோது, அங்கிருந்த பூர்வகுடி மக்கள் இந்தப் பழத்தைக் குளிர்காலத்துக்காக உலர்த்தி வைத்திருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்களுக்குக் காடு முழுக்கப் பழம். கடையில் விற்கிற உலர்ந்த ப்ளூபெர்ரியில் பெரும்பாலும் சர்க்கரை ஏற்றியிருப்பார்கள், அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது. வீட்டில் காய்ந்தது புளிப்பும் கடினமுமாக இருக்கும். ரவா கேசரியில் போடுவதென்றால் நெய்யில் முந்திரியோடு சேர்த்து வறுக்காதீர்கள், கருகிவிடும். வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்துக் கடைசியில் சேருங்கள்.

ஜாமுக்குக் கட்டுரையில் சொன்ன சம எடை சர்க்கரை, வெளியே அலமாரியில் வைக்கிற ஜாமுக்குச் சரிதான். பழத்தில் இருக்கும் நீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பூஞ்சைக்கு வழியில்லாமல் போகிறது. சர்க்கரையைக் குறைத்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்திருக்கலாம். நான் ஒரு கிலோ பழத்துக்கு 600 கிராம் சர்க்கரையும் இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் சேர்ப்பேன். எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். இந்தப் பழத்தில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் அதிகம் இல்லை, புளிப்பு சேர்ந்தால்தான் இருக்கிற பெக்டின் பிடிக்கும். இரும்புச் சட்டியோ அலுமினியமோ வேண்டாம், நிறம் கெடும். அகலமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள்.

பதம் பார்ப்பதற்கு ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். முதலில் சட்டியில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். கிண்டக் கிண்ட நுரை சின்னதாகி, சத்தம் மாறும். தண்ணீர் கொதிக்கிற சலசலப்பு போய், கெட்டியாகப் பொத் பொத்தென்று வெடிக்கும். அந்த நேரத்தில் அடுப்பை அணைத்து, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து விரலால் நடுவே கோடு இழுப்பேன். இரண்டு பக்கமும் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் கொதிக்கவேண்டும். விரலை முன்னால் தள்ளும்போது மேலே ஆடை போலச் சுருங்கினால் முடிந்தது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 104, 105 டிகிரி. வெளியே வைக்கிற ஜாம் என்றால் சூடாகப் பாட்டிலில் ஊற்றி மூடி, பாட்டில் முழுகுகிற அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் கூடுதல் நேரம் வைக்க வேண்டும், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. இங்கே அதற்கென்றே திருகு மூடிக் கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. ஜான் மேசன் என்பவர் 1858-இல் காப்புரிமை வாங்கியது. இன்றைக்கும் அவர் பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

சாறு எடுத்து வைப்பதும் எளிது. பழத்தோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து, துணியில் வடித்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து ஒரு கொதி விட்டு, பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். இன்னும் நாள் கணக்கில் வைக்க வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள். ஹாமன்டனுக்குப் பக்கத்தில் வைன்லேண்ட் என்ற ஊரில் பல் வைத்தியராக இருந்த தாமஸ் வெல்ச், 1869-இல் தேவாலயத்தில் மதுவுக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று திராட்சைச் சாற்றைப் பாட்டிலோடு சூடுபடுத்திப் புளிக்காமல் செய்தார். பழச்சாற்றைச் சூட்டால் காக்கிற வழக்கத்துக்கு இந்தப் பக்கத்தில் பழைய வேர் உண்டு. ப்ளூபெர்ரிச் சாற்றைச் சூடான பாலில் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். ஆறிய பாலில், ரோஸ்மில்க் கலக்குவது போலக் கலக்கலாம்.

நம் சமையலில் இந்தப் பழத்துக்குப் பொருத்தமான இடம் எது என்றால், முதலில் தயிர்சாதம். திராட்சை, மாதுளைக்குப் பதிலாக, சாதம் ஆறிய பிறகு முழுப் பழமாகப் போட்டு, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்தால், உப்புக்கும் புளிப்புக்கும் நடுவே பழம் வெடிக்கிறது. பிசையக் கூடாது, பிசைந்தால் சாதம் முழுக்க ஊதாவாகிவிடும். அடுத்தது தொக்கு. அரை கிலோ உறைந்த பழம், ஐந்து மேஜைக்கரண்டி நல்லெண்ணெய். கடுகும் பெருங்காயமும் தாளித்துப் பழத்தைக் கொட்டி, உப்பு, மிளகாய்த்தூள், ஒரு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல் சேர்த்து, எண்ணெய் பிரிகிற வரை வதக்கி, வறுத்துப் பொடித்த வெந்தயமும் கொஞ்சம் வெல்லமும் போட்டு இறக்க வேண்டும். மஞ்சள் தூள் வேண்டாம், நிறம் சேறாகிவிடும். மாங்காய்த் தொக்கு போல அலமாரியில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், இதற்கு ஃபிரிட்ஜ்தான். தோசைக்கு அருமையாக இருக்கும். என் மகன் இதை ரொட்டிக்கும் தடவிக்கொள்கிறான்.

சோடா உப்பு போடுகிற பலகாரத்தில் மட்டும் எச்சரிக்கை. இந்த நிறமி புளிப்பில் சிவந்த ஊதாவாகவும், சோடாவில் பச்சை கலந்த நீலமாகவும் மாறும். பேரனுக்குச் சுடுகிற அப்பத்தில் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்திருந்தால் பழம் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். சோடாவைக் குறைத்து, மாவில் மோர் சேர்த்தால் சரியாகிவிடும்.

கட்டுரையின் தலைப்பு ‘சர்க்கரை நோயை விரட்டும் நீலப் பழம்’. அதற்குக் கீழேயே கிலோவுக்குக் கிலோ சர்க்கரை போட்டு ஜாம் செய்முறை! ஒரு கப் பச்சைப் பழத்தில் சுமார் 15 கிராம் சர்க்கரையும் மூன்றரை கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. நல்ல பழம், சாப்பிடலாம். மருந்து மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை நோய் உள்ள நான் இதை அளந்துதான் சாப்பிடுகிறேன். வைட்டமின் சி தேவை என்றால் நம் நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் இதை நிறுத்தவே முடியாது, விலையும் கட்டுப்படியாகும்.

நம் ஊரில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வருகிற பழத்தில் பெரும்பங்கு பெரு, சிலி போன்ற தூர நாடுகளிலிருந்து குளிர்பெட்டியில் வருவது. செடியை விட்டு ஏற்கெனவே பல நாள் ஆனது. ஹாமன்டனில் நான் சொன்ன பத்து நாள் கணக்கு அதற்குப் பொருந்தாது. டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சாறு கசிந்த கறையோ உள்ளே வியர்வையோ இருந்தால் வேண்டாம். லேசாக ஆட்டினால் பழம் தனித்தனியாக உருள வேண்டும், ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் அடியில் நசுங்கியிருக்கிறது. நல்ல டப்பாவாகக் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் சாப்பிடப் போவதை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மீதியை அன்றைக்கே தட்டில் பரப்பி ஃப்ரீசரில் தள்ளிவிடுங்கள்.

கழுவி வைக்கச் சொன்ன வரிக்கும் வெயிலில் காயவைக்கச் சொன்ன வரிக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போட்டால் நன்றி. கோடைக்கு இங்கே பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஊர் திரும்புகிற பெற்றோர்கள் உங்கள் பத்திரிகையை நிறையப் பேர் படிக்கிறார்கள். பெட்டியில் ஜாம் எடுத்துப் போகிறவர்கள் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் ஜாமும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும், விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். காயவைத்த பழம் என்றால் கைப்பையிலேயே போகும்.

இப்படிக்கு,
முன்பு திருமங்கலத்திலும் இப்போது நியூ ஜெர்சியிலும் இருந்து படிக்கும் ஒரு வாசகி